கப்பல் தலைவனின் இரண்டு கடன்கள்

(விவேக் நகர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விவேக் நகரில் உட்கார்ந்துகொண்டு கடற்படையைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். இங்கிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும், கடலைப் பார்க்கச் சாலை வழியில் 300 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். ஆனாலும் சென்ற மாதக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும் நம் கிளைப் பெண் ஒருத்தியும், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். காபி ஆறிப்போனதுதான் மிச்சம்; முடிவு வரவில்லை. “அடுத்த மாதம் நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்” என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒரு மாதம் படித்து யோசித்ததைச் சொல்கிறேன்.

கேள்வி இதுதான். ஒரு போர்க்கப்பலின் கேப்டன், தனக்கு மேலே இருப்பவர்களின் கட்டளைக்குக் கட்டுப்பட்டவரா, தன்னை நம்பிக் கப்பலில் இருப்பவர்களின் உயிருக்குக் கடன்பட்டவரா? இரண்டும் மோதினால் எதை விடுவது?

வாதத்தைக் கிளப்பிய சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் மாதம். ‘தியோடர் ரூஸ்வெல்ட்’ என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் பசிபிக் கடலில் இருந்தது. அணுசக்தியால் ஓடும் கப்பல். ஏறத்தாழ 4,800 பேர் அதில் இருந்தார்கள். மார்ச் தொடக்கத்தில் வியட்நாமின் டா நாங் துறைமுகத்துக்குப் போய்விட்டு வந்த பிறகு, மார்ச் 24 அன்று கொரோனா தொற்று வெளிப்பட்டது. கப்பல் குவாம் தீவில் நின்றது. அடுக்கடுக்காகப் படுக்கும் கட்டில்கள், பொதுவான சாப்பாட்டுக் கூடங்கள், குறுகிய நடைவழிகள். இதில் யாரை எங்கே தனிமைப்படுத்துவது? கேப்டன் பிரெட் குரோஸியர் மார்ச் 30 அன்று நாலு பக்கக் கடிதம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினார். இது போர்க்காலம் இல்லை, மாலுமிகள் சாகவேண்டிய அவசியம் இல்லை, பெரும்பாலோரை உடனே கரையில் இறக்க வேண்டும் என்பது அதன் சாரம். மறுநாள் ஸான்பிரான்சிஸ்கோ பத்திரிகையில் அந்தக் கடிதம் வெளிவந்தது. ஏப்ரல் 2-ஆம் தேதி அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் படியிறங்கிப் போகும்போது மாலுமிகள் நூற்றுக்கணக்கில் கூடி அவர் பெயரைச் சொல்லிக் கோஷமிட்டதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

“தன் பிள்ளைகளைக் காப்பாற்றியவரைத் தண்டித்தார்களே!” என்றாள் அந்தப் பெண். “ஒவ்வொரு கேப்டனும் நினைத்தபடி கடிதம் எழுத ஆரம்பித்தால் அது கடற்படையா, காய்கறிச் சந்தையா?” என்றார் மாமா. இரண்டு பேருக்கும் கைதட்டல் விழுந்தது.

அமெரிக்கக் கதையை அங்கேயே நிறுத்திவிட்டு, நம் கதைக்கு வருகிறேன். 1971 டிசம்பர் 9. பாகிஸ்தானுடன் போர் தொடங்கி ஆறு நாள் ஆகியிருந்தது. டியூ கடற்கரைக்கு அப்பால் எதிரி நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று உலவுவது தெரிய வந்தது. அதைத் தேடி அழிக்க, குக்ரி, கிர்பான் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் அனுப்பப்பட்டன. அந்தக் கப்பல் அணியின் தலைவர், குக்ரியின் கேப்டன் மகேந்திரநாத் முல்லா. கோரக்பூரில் பிறந்தவர். அப்போது வயது 45.

நீருக்கடியில் இருப்பதைக் கண்ணால் காண முடியாது; காதால்தான் கேட்க வேண்டும். அந்தக் காதுக்குப் பெயர் சோனார். ஒலியை அனுப்பி, அது எதன் மேலாவது பட்டுத் திரும்பி வருவதைக் கேட்கிற கருவி. இன்று நம் பெங்களூரிலேயே பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், கொச்சி ஆய்வகத்தின் வடிவமைப்பில் கடற்படைக்குச் சோனார் செய்து தருகிறது. 1971-இல் அந்த வசதி இல்லை. குக்ரியில் இருந்தது பழைய பிரிட்டிஷ் கருவி. எதிரில் இருந்ததோ ‘ஹங்கோர்’ என்ற, பிரான்சில் கட்டிய நவீன நீர்மூழ்கி. அதன் காது நம் காதைவிட வெகுதூரம் கேட்கும். குக்ரியின் சோனாரின் திறனைக் கூட்டுவதற்காக இளம் அதிகாரி ஒருவர் உருவாக்கிய புதுக் கருவி அப்போது கப்பலில் சோதனையில் இருந்தது. அது நன்றாக வேலை செய்யக் கப்பல் மெதுவாகப் போகவேண்டும். மெதுவாகப் போகும் கப்பல் நீர்மூழ்கிக்கு எளிய இலக்கு. இந்த ஆபத்து தெரிந்தேதான் போனார்கள். கட்டளை அப்படி.

இரவு 8.50 மணி சுமாருக்கு டார்பீடோ தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளுமாக 194 பேர் மாண்டார்கள். 67 பேர் பிழைத்தார்கள். கப்பலை விட்டு வெளியேறும்படி கட்டளையிட்ட கேப்டன் முல்லா, தன் உயிர்காப்புச் சட்டையை ஒரு மாலுமிக்குக் கொடுத்தார். முடிந்தவரை ஆட்களைத் தண்ணீரில் இறங்க வைத்துவிட்டு, இன்னும் யாரையாவது காப்பாற்ற முடியுமா என்று பார்க்க மேல்தளத்துக்குத் திரும்பினார். கப்பலோடு அவர் மூழ்குவதைத்தான் கடைசியாகப் பார்த்தார்கள். அவருக்கு மகாவீர் சக்ரா விருது கொடுத்தார்கள். டியூவில் நினைவுச்சின்னம் இருக்கிறது.

இதில் இன்னொரு கேப்டனும் இருக்கிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கிர்பானின் தலைவர். பக்கத்துக் கப்பல் கண்ணெதிரே மூழ்குகிறது; தண்ணீரில் தோழர்கள் தத்தளிக்கிறார்கள். அடுத்த டார்பீடோ தன் கப்பலைக் குறிவைத்து வருகிறது. நின்று காப்பாற்றுவதா, விலகுவதா? கிர்பான் வேகமெடுத்து விலகியது. மறுநாள் காலை கட்சால் என்ற கப்பலுடன் திரும்பி வந்துதான் பிழைத்தவர்களை மீட்டது. இது சரியா என்று அன்றிலிருந்து இன்றுவரை கடற்படைக்காரர்களே பேசிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள்.

உடனே “பயந்து ஓடினார்கள்” என்று சொல்லத் தோன்றும். 1914 செப்டம்பர் 22 அன்று வட கடலில் நடந்ததைக் கேளுங்கள். அபூகீர் என்ற பிரிட்டிஷ் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று தாக்கியது. கூட வந்த ஹோக், கிரஸி என்ற இரண்டு கப்பல்களும் ஆட்களைக் காப்பாற்ற நின்றன. இரக்கம்தான் காரணம். அதே நீர்மூழ்கி அந்த இரண்டையும் மூழ்கடித்தது. 1,400 பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான், இப்படிப்பட்ட நேரத்தில் பெரிய கப்பல்கள் நிற்கக்கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படை உத்தரவு போட்டது. ஆகவே மாமா சொன்னதில் நியாயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற உயிரை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் போகும். மேலிடத்துக் கட்டுப்பாடு என்பது, ஒரு தனி மனிதன் நின்ற இடத்திலிருந்து பார்க்க முடியாததையும் கணக்கில் வைப்பதற்கு ஏற்பட்டது.

அப்படியானால் அந்தப் பெண் சொன்னது தவறா? அதுவும் இல்லை.

1946 பிப்ரவரி 18-ஐ நினைத்துப் பாருங்கள். பம்பாயில் ‘தல்வார்’ என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில் மாலுமிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சுதந்திர உணர்ச்சி உள்ளே கனன்றுகொண்டிருந்தது உண்மை. ஆனால் தீக்குச்சியாக இருந்தவை மட்டமான சாப்பாடும், தளத்தின் ஆங்கிலேயத் தலைவர் வாயில் வந்த வசவுகளும். மாலுமிகள் எடுத்த எடுப்பில் கொடி பிடிக்கவில்லை. முதலில் முறைப்படி புகார்தான் கொடுத்தார்கள். புகாருக்குப் பலன் இல்லை. அதன் பிறகு சில நாளில் 78 கப்பல்கள், சுமார் 20,000 மாலுமிகள் என்று பரவிவிட்டது. கீழேயிருந்து வரும் குரலுக்குக் கதவைச் சாத்தினால் கட்டுப்பாடு காப்பாற்றப்படுவதில்லை, கட்டுப்பாடே உடைகிறது.

மாடிப்படியை இறங்குவதற்கு மட்டும் யாரும் கட்டுவதில்லை. ஏறவும் அதே படிதான். மேலேயிருந்து கட்டளை இறங்கி வருகிற படியில், கீழேயிருந்து உண்மை ஏறிப் போகவேண்டும். கப்பல் தலைவன் அந்தப் படியின் நடுவில் நிற்பவன். அவனுக்கு இரண்டு கடன்கள் என்று நாம் பிரித்துப் பேசுவதே பிசகு என்று எனக்குத் தோன்றுகிறது. மாலுமிகளுக்கு அவன் பட்ட கடனை அடைக்கும் முதல் வழி, மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்வது. மேலதிகாரிக்கு அவன் பட்ட கடனும் அதுவேதான்.

இது நமக்குப் புதிதில்லை. வள்ளுவர் அமைச்சு என்ற அதிகாரத்தில் இதைத்தான் சொல்கிறார். அரசனுக்குச் சுயமாகவும் தெரியவில்லை, சொன்னாலும் ஏறவில்லை என்றாலும், பக்கத்தில் இருப்பவன் நன்மையை எடுத்துச் சொல்லித்தான் ஆகவேண்டும். அது அவன் கடமை என்கிறார். கேட்பார்களா மாட்டார்களா என்பது சொல்பவனின் கணக்கில் வராது.

ராமாயணத்தில் கும்பகர்ணனும் விபீஷணனும் ராவணனிடம் சொன்னது ஒன்றுதான்: ஸீதையை விட்டுவிடு. கேட்காதபோது விபீஷணன் விலகினான். கும்பகர்ணன் செஞ்சோற்றுக் கடன் என்று போருக்குப் போய் உயிரைக் கொடுத்தான். பட்டிமன்றங்களில் யார் சிறந்தவர் என்று எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. நான் கவனிப்பது வேறு. இரண்டு பேருமே முதலில் சபையில் வாயைத் திறந்து சொன்னார்கள். விலகியதும் கட்டுப்பட்டதும் அதற்குப் பிறகுதான். அதோடு, இரண்டு பேருமே அதற்கான விலையைத் தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். ஒருவன் ஊரையும் உறவையும் இழந்தான். இன்னொருவன் உயிரை இழந்தான்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு குரோஸியரிடம் திரும்புவோம். அவர் சொன்னார், அதற்கு விலையாகத் தன் பதவியைக் கொடுத்தார். அதில் குறையில்லை. ஆனால் அவருக்கு மேலே இருந்த ரியர் அட்மிரல் அதே கப்பலில்தான் இருந்தார். எழுதுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரகசியக் காப்பு இல்லாத மின்னஞ்சலில் பலருக்கு ஒரே சமயத்தில் அனுப்பியதை அவ்வளவு சுலபமாக நியாயப்படுத்த முடியாது. இன்னொரு பக்கம், அவரை நீக்கிய கடற்படைப் பொறுப்புச் செயலாளர் தாமஸ் மோட்லி குவாமுக்கே பறந்து வந்து, அந்த மாலுமிகளிடமே அவரை இழிவாகப் பேசினார். அடுத்த நாளே, ஏப்ரல் 7 அன்று, தன் பதவியை ராஜினாமா செய்ய நேர்ந்தது. ஏப்ரல் 13 அன்று மாலுமி ஒருவர் இறந்தார். மொத்தம் 1,200 பேருக்கு மேல் தொற்று கண்டது. குரோஸியருக்கும் வந்தது. கடற்படைத் தலைமை தளபதி முதலில் அவருக்குப் பதவியைத் திருப்பித் தரலாம் என்று பரிந்துரைத்தார். விரிவான விசாரணைக்குப் பிறகு ஜூன் 19 அன்று அவரே வேண்டாம் என்றார். தொற்றைத் தடுப்பதில் கேப்டனும் ரியர் அட்மிரலும் போதிய வேகம் காட்டவில்லை என்பது விசாரணையின் முடிவு. ஆக, அபாயத்தைச் சொன்னதால் மட்டும் ஒருவர் தன் பொறுப்பை முழுவதும் செய்துவிட்டார் என்று ஆகிவிடாது.

மேலே இருப்பவரின் கடனுக்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் சிந்துரக்ஷக் என்ற நீர்மூழ்கி வெடித்து மூழ்கியதில் 18 பேர் இறந்தார்கள். 2014 பிப்ரவரி 26 அன்று சிந்துரத்னா என்ற நீர்மூழ்கியில் புகை சூழ்ந்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அன்றைக்கே கடற்படைத் தலைமை தளபதி அட்மிரல் டி. கே. ஜோஷி தார்மிகப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். அவர் அந்தக் கப்பலில் இல்லை. அவர் கை எதிலும் படவில்லை. ஆனாலும் படியின் உச்சியில் நின்றவர் தாமே இறங்கி வந்தார். முல்லா உயிரைக் கொடுத்தார். ஜோஷி பதவியைக் கொடுத்தார். இரண்டும் சமம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இரண்டு பேரும் கீழே இருந்தவன் தலையில் பழியைப் போடவில்லை.

இதையெல்லாம் கடற்படைக்காரர்களுக்கு உபதேசம் செய்ய நான் யார்? எனக்கு ஏன் இதில் இவ்வளவு ஈடுபாடு என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்; இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த ஊரில் ஒரு தொழிற்சாலையில் முலாம் பூசும் பிரிவில் ஷிப்டு பொறுப்பாளனாக இருந்தேன். என் கீழே 14 பேர். அமிலத் தொட்டிகளுக்கு மேலே புகையை இழுக்கும் மின்விசிறி ஒன்று சரியாக ஓடவில்லை. மேலதிகாரியிடம் மூன்று தடவை சொன்னேன். “இந்த மாத உற்பத்தி முடியட்டும், பார்க்கலாம்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். எழுத்தில் கொடுக்கலாமா என்று நான் ஒரு நாள் இரவு முழுவதும் யோசித்தேன். அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய வருஷம். காலையில், வாயால் சொன்னதே போதும் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன்.

இரண்டு வாரத்தில் என் ஆள் ஒருவர் புகையைச் சுவாசித்து மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் பழைய மூச்சு அவருக்குத் திரும்பவேயில்லை. பத்துப் படி ஏறினால் நிற்பார். விசாரணையில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “எழுத்தில் கொடுத்தீர்களா?” பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவர், “ஸார், நீங்க மேல சொன்னீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்” என்றார். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. நான் எப்படிச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியுமே. மேலதிகாரிக்குக் கோபம் வராத அளவுக்கு மட்டும் சொன்னேன். பதவி உயர்வு வந்தது.

அதனால்தான் அந்தப் பெண்ணுக்கும் மாமாவுக்கும் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். ஆபத்து தெரிந்தவுடன், நேரத்தோடு சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவரிடம், எழுத்தில் சொல்ல வேண்டும். அவர் கேட்கவில்லை என்றால், அவருக்கு மேலே போக முறையான வழி இருக்கிறது. நம் 1957-ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டமே மனக்குறையை மேலே சொல்ல வழி வைத்திருக்கிறது. கட்டளைக்குப் பணியாததைக் குற்றமாக்கும் இடத்திலும், சட்டத்துக்கு உட்பட்ட கட்டளை என்றுதான் சொல்கிறது. அத்தனைக்குப் பிறகும் கட்டளை மாறவில்லை என்றால், முல்லாவைப்போல முன்னால் நின்று நிறைவேற்ற வேண்டும்; மனசாட்சி இடம் தராவிட்டால் பதவியை வைத்துவிட்டு விலக வேண்டும். எதைச் செய்தாலும் அதன் விலையை நாம் கொடுக்க வேண்டும். நம் கீழே இருப்பவனைக் கொடுக்க வைக்கக்கூடாது.

மேலே இருப்பவர்களுக்கும் ஒன்று. கீழே இருப்பவன் துணிந்து வந்து ஒரு கெட்ட செய்தியைச் சொன்னால், அவன் சொன்ன விதத்தில் குற்றம் கண்டுபிடிப்பதை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் செய்தியைக் கேளுங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று பல ஊர்களில், பல நாடுகளில், பத்துப் பேரையோ நூறு பேரையோ நிர்வகிக்கும் இடத்தில் இருக்கிறார்கள். போர்க்கப்பல் இல்லாவிட்டாலும் படிக்கட்டின் நடுவில் நிற்பவர்கள்தான். அந்த ஒரு இரவு அவர்களுக்கும் வரும். எழுதலாமா வேண்டாமா என்று தூக்கம் வராது. அன்றைக்கு எழுதச் சொல்லுங்கள். என்னைப்போல வயதான காலத்தில் கூட்டம் போட்டுச் சொல்லும்படி வைத்துக்கொள்ள வேண்டாம்.

 இன்றைக்காவது காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.